நட்டுக்குள் மறையும் விளிம்பு

பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பு கொட்டுகிற ஊர்கள் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க். எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒன்டாரியோ. அங்கே பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியின் அடியில் படுத்து, பிரேக் பைப்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிரும். எஞ்சின் இன்னும் ஒரு லட்சம் மைல் ஓடத் தயாராக இருக்கும், சீட்டுத் துணிகூடக் கிழிந்திருக்காது. பென்சில் கனம்கூட இல்லாத அந்த ஒரு குழாய்தான் முதலில் சாகும். பெரும்பாலும் அது சாவது பிரேக்கை அழுத்தி மிதிக்கும் நொடியில்தான், ஏனென்றால் குழாய்க்குள் அழுத்தம் ஏறுவது அப்போதுதான்.

அங்கே மெக்கானிக் கூலி கையைச் சுடும். பொருளோ மலிவு. ஒரு சுருள் குழாய், சில நட்டுகள், ஒரு பிளேரிங் டூல், ஒரு டப்பா பிரேக் ஆயில் போதும். ஆகவே பலரும் வீட்டு வாசலிலேயே, தம் கையாலேயே பிரேக் பைப் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. மிச்சிகனில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனையே கிடையாது. நம் ஊரில் எஃப்.சி. காட்டுவதற்காகவாவது லாரியின் அடியை ஒருவர் எட்டிப் பார்ப்பார். அங்கே அந்தக் கண்ணும் இல்லை. செய்தவன் ஒருவனே செய்யப்பட்டதற்குச் சாட்சி.

தன் கைவேலையைப் போற்றுவது நல்ல பண்புதான். தன் வீட்டுக் கூரையைத் தானே மாற்றுகிறவன் தவறு செய்தால் நனைவது அவன் குடும்பம். பிரேக்கில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. குழாய் வெடித்தால் முன்னால் நிற்பது யார் என்பது குழாய் செய்தவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்கிற குழந்தையாக இருக்கலாம், சிவப்பு விளக்கில் நிற்கிற இன்னொரு காரின் பின்சீட்டில் தூங்கும் கிழவராக இருக்கலாம். அவர்கள் யாரும் இந்த வேலையைச் செய்ய இவனுக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை. என் வண்டி, என் பணம், என் உயிர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இந்த ஓர் உறுப்பில் செல்லாது. வீட்டில் பிரேக் பைப் செய்கிறவன், அறிந்தோ அறியாமலோ, முகம் தெரியாத ஒருவருக்காகவே வேலை செய்கிறான். எவ்வளவு செய்தால் போதும் என்பதை அவனுடைய அலுப்பும் அவசரமும் முடிவு செய்யக் கூடாது.

குழாயின் மேல் விழும் பாரம் எவ்வளவு என்று தெரிந்தால் இது வெறும் உபதேசமாகத் தோன்றாது. கால் மிதியை அழுத்துகிறது. மாஸ்டர் சிலிண்டர் அந்த அழுத்தத்தைத் திரவத்துக்குள் தள்ளுகிறது. திரவம் நான்கு சக்கரத்துக்கும் அதைக் கொண்டுபோகிறது. மூடிய திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்று பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்னதுதான் இதற்கு அடிப்படை. கார்களில் வழக்கமான குழாயின் வெளிவிட்டம் 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லிமீட்டர். சுவரின் கனம் 0.7 மில்லிமீட்டர் அளவு. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது குழாய்க்குள் 1000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். முப்பது டயரின் அழுத்தத்தை ஒரு நகத்தின் கனமுள்ள சுவர் தாங்கி நிற்கிறது.

திரவத்தை நம்பி வண்டியை நிறுத்தலாம் என்று உலகம் ஏற்றுக்கொள்ளவே காலம் பிடித்தது. மால்கம் லாக்ஹீட் என்பவர் 1917-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லாக்ஹீட் என்ற விமான நிறுவனத்தின் பெயருக்குப் பின்னாலிருக்கும் சகோதரர்களில் ஒருவர் அவர். 1921-இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. கிரைஸ்லர் 1924-இல் அதைப் பொதுமக்கள் வாங்கும் காருக்குக் கொண்டுவந்தது. ஹென்றி ஃபோர்டு மட்டும் கம்பியையும் கேபிளையுமே பிடித்துக்கொண்டிருந்தார். 1939 மாடலில்தான் ஃபோர்டு கார் மாறியது. பிடிவாதம் என்று சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தயக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. கம்பி தேய்வது கண்ணுக்குத் தெரியும். குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

நம்பிக்கை வரக் காரணம் குழாய் செய்த விதம். மெல்லிய எஃகுத் தகட்டின்மேல் செம்பு பூசி, அதை இரண்டு சுற்றாக உருட்டி, உலையில் இட்டால் செம்பு உருகி இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கிவிடும். மேலே துத்தநாகப் பூச்சு, பிற்காலத்தில் அதற்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு. நல்ல பொருள்தான். உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் மட்டும் அதற்கு வழியில்லை. குழாயைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்குள்ளும், பெட்ரோல் டேங்கின் மேல்பக்கத்திலும், பின் அச்சுக்கு மேலே கை நுழையாத மூலையிலும் சேறும் உப்பும் சேர்ந்து மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். துருவேறுவது அங்கேதான். தெரிகிற இடம் பளபளவென்று இருக்க, தெரியாத இடம் அரிக்கும். தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ கடற்காற்றில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது யார் பொறுப்பு என்று ஒரு வழக்கே நடந்தது எனலாம். ஜெனரல் மோட்டார்ஸின் 1999 முதல் 2003 வரையிலான பிக்அப், பெரிய எஸ்.யு.வி. வண்டிகளில் பிரேக் பைப் துருப்பிடித்து வெடிப்பதாக ஆயிரக்கணக்கான புகார்கள் குவிந்தன. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பல ஆண்டுகள் விசாரித்து, 2015-இல் முடித்துக்கொண்டது. வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவு வரவில்லை. உப்பும் வயதும் சேர்ந்தால் எல்லா நிறுவன வண்டியிலும் இது நடக்கிறது என்றது நிர்வாகம்; குளிர்காலம் முழுக்க அடிப்பகுதியைக் கழுவுங்கள், துருவைக் கண்டால் மொத்தக் குழாயையும் மாற்றுங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை சொன்னது. பலருக்கு அது கசந்தது. இன்னும் நல்ல உலோகத்தை முதலிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்டவர்கள் தவறாகக் கேட்கவில்லை. வால்வோ 1970-களிலேயே துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாய்க்கு மாறிவிட்டது. ஆனாலும் தீர்ப்பு எதுவாக இருந்தாலும், மறுநாள் காலை அந்த வண்டியைச் சாலைக்கு எடுப்பவர் உரிமையாளர்தான்.

மொத்தக் குழாயையும் மாற்று என்பதில்தான் முதல் சபலம் வருகிறது. ஒழுகுவது ஒரு சாண் நீளத்தில். மீதிக் குழாய் ஏதோ பரவாயில்லை போலத் தெரிகிறது. வெட்டிவிட்டு நடுவில் ஒரு துண்டு சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். முழுக்க மாற்றுவதென்றால் டேங்கை இறக்க வேண்டும், உருண்டுபோன நட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் மீதிக் குழாய்க்கும் அதே வயது, அதே உப்பு, அதே பூச்சு. ஓரிடத்தில் தின்ற துரு அடுத்த இடத்தில் விரதம் இருக்காது. ஒழுகிய பகுதியைச் சரிசெய்து பலமாக மிதித்ததும் அடுத்த பலவீனமான இடம் பொத்துக்கொள்வது இந்த வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கண்டது.

துண்டு சேர்க்க கம்ப்ரெஷன் ஃபிட்டிங் என்று ஒன்றைத் தண்ணீர்க் குழாய்க் கடையில் விற்பார்கள். பித்தளை வளையம் ஒன்று குழாயைக் கவ்விப் பிடிக்கும். தண்ணீருக்கு அது போதும். பிரேக்கில் அதைப் போடவே கூடாது. அழுத்தத்திலும் அதிர்விலும் குழாய் அந்தக் கவ்வலிலிருந்து நழுவி வெளியே வந்துவிடும். முதல் நாள் ஒழுகாது, முதல் வாரம் ஒழுகாது. ‘இதுவரை ஒன்றும் ஆகலையே’ என்பதுதான் இந்த வேலையில் ஆகக் கெட்ட வாதம். ஏ.சி. வேலையில் மிஞ்சிய செம்புக் குழாயை எடுத்துப் போடுவதும் அப்படித்தான். அது இந்த வேலைக்கென்று செய்யப்பட்டதல்ல. அதிர்வில் இறுகி ஒருநாள் விரிசல் விடும். செம்பு-நிக்கல் குழாய் வேறு. கையால் வளைக்கலாம், துருப்பிடிக்காது, இதற்கென்றே விற்கிறார்கள். கொஞ்சம் விலை கூடுதல். இதில் மிச்சம் பார்ப்பவன் எதில் செலவழிப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

வேலையின் இதயம் பிளேர். குழாயின் நுனியை விரித்து உருவாக்கும் விளிம்பு அது. நட் அந்த விளிம்பை எதிரே இருக்கும் கூம்பின்மேல் இறுக்கும். உலோகம் உலோகத்தின்மேல் படிந்து திரவத்தை அடைக்கும். அடைப்பது மரை அல்ல. தண்ணீர்க் குழாய்ப் பழக்கத்தில் மரையைச் சுற்றி டெஃப்லான் டேப் ஓட்டுகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். டேப் ஒழுகலை நிறுத்தாது. கிழிந்த நூலிழை உள்ளே போய் வால்வில் மாட்டும்.

முதலில் குழாயை பைப் கட்டரால் வெட்ட வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் நுனி கோணலாகும், தூளும் உள்ளே போகும். வெட்டிய பின் உள்விளிம்பின் பிசிறை எடுத்து, வெளிவிளிம்பைக் கொஞ்சம் சாய்த்து அரத்தால் தேய்த்து, ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு நட்டைக் குழாயில் கோக்க வேண்டும். பிளேர் செய்து முடித்துவிட்டு நட் மேசைமேலேயே இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைக்காதவர் இந்த வேலையில் அபூர்வம். அதற்கப்புறம் குழாயைக் கவ்வியில் இறுக்கி, டையை வைத்து அழுத்தினால் நுனி காளான் போலப் புடைக்கும். இரண்டாவது முறை கூம்பை வைத்து அழுத்தினால் அந்தப் புடைப்பு உள்பக்கமாக மடிந்து, 45 பாகைச் சாய்வில் இரண்டு அடுக்காகப் படியும். தையற்காரர் துணியின் ஓரத்தை மடித்துத் தைப்பது போல. மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்த நுனி பிரேக் அழுத்தத்தில் பிளந்துவிடும். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றுக்கு வேறு வடிவம், குமிழ் போன்ற பிளேர் வேண்டும். அதற்கு வேறு டை, வேறு நட். இரண்டும் பார்வைக்கு நெருங்கியவை. மாற்றிப் போட்டால் இறுகும், ஆனால் அடைக்காது. எது வேண்டும் என்பதைப் பழைய குழாயின் நுனியைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற நேரம் வருகிறது. விளிம்பு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கலாம். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் இருக்கலாம். துளை நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருக்கலாம். மணி இரவு ஒன்பது. குழாய் அளவாக வெட்டி, வளைத்து, கிட்டத்தட்ட முடிந்த நிலை. நுனியை வெட்டிப் போட்டு மறுபடி செய்தால் அரை அங்குலம் குறையும். ஒருவேளை முழுக் குழாயையும் மறுபடி செய்ய நேரிடும். நட்டை இறுக்கிவிட்டால் அந்த விளிம்பை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. மாட்டுகிறவனே மறுபடி பார்க்க முடியாது.

வாழ்வில் நேர்மையைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் மனிதர்களுக்கு நடுவே நடப்பதைப் பற்றித்தான். கடன், வாக்கு, சாட்சி, லஞ்சம். அங்கே எதிரே ஒரு முகம் இருக்கிறது. வெட்கம் நமக்குத் துணை நிற்கிறது. பட்டறை மேசையில் எதிரே யாரும் இல்லை. ஏமாற்ற வேண்டிய ஆள் தானேதான். அவனும் களைத்திருக்கிறான், ஏமாறத் தயாராக இருக்கிறான். ‘இறுக்கினால் சரியாகிவிடும்’ என்கிற வாக்கியம் அந்நேரம் தானாகவே மனதில் எழும். நாணயமான வேலை என்று பழைய தொழிலாளர்கள் சொன்னது இந்த இடத்தில் நிற்பதைத்தான் என்று நினைக்கிறேன். இதில் கெட்டிக்காரத்தனம் இரண்டாவது. கெட்டிக்காரனுக்கும் பத்தில் ஒன்று கோணும். கோணியதை வெட்டிக் குப்பையில் போட அவன் கை கூசாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. மீந்த துண்டுக் குழாயில் பழகிப் பார்த்து, தொடர்ந்து நன்றாக வரும்வரை வண்டிக்கான குழாயைத் தொடாதிருப்பது அந்தக் கூச்சத்தைக் குறைக்கும் ஒரு வழி.

வளைப்பதும் பொருத்துவதும் பொறுமை கேட்கும், ஆனால் சிக்கலில்லை. பழைய குழாயை உடையாமல் கழற்ற முடிந்தால் அதுவே மாதிரி. பைப் நெரிந்தால் அந்தத் துண்டை ஒதுக்க வேண்டும். சைலன்சருக்குப் பக்கத்தில் போகக் கூடாது, சக்கரம் திரும்பும் வழியில் போகக் கூடாது, எதன்மேலும் உரசக் கூடாது, கிளிப் இல்லாமல் தொங்கக் கூடாது. நட்டை முதலில் விரலாலேயே ஏற்ற வேண்டும். விரலில் ஏறாத நட் ஸ்பானரில் ஏறினால் மரை அறுந்துகொண்டிருக்கிறது. வண்டியின் அடியில் போகும் முன் ஸ்டாண்டு போட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிப் படுத்தவர்கள் எழுந்திராமல் போயிருக்கிறார்கள்.

அடுத்தது ஏர் எடுப்பது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்றுக்குமிழ் இருந்தால் கால் அழுத்துவது குமிழைத்தான். பிரேக் ஆயில் புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து வர வேண்டும், ஏனென்றால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140-க்கு இறங்கலாம். மலைச்சாலை இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் ஆயில் கொதித்தால் ஆவி உருவாகி, மிதி ஒன்றுமில்லாமல் தரைக்குப் போகும்.

ஏர் எடுக்க வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில், ஒருவர் சக்கரத்தடியில். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது, குரல் மட்டுமே. டொரன்டோவின் ஸ்கார்பரோ பக்கம் ஈழத்தமிழர் வீட்டு வாசல்களில் இந்தக் குரலைக் கேட்கலாம்.

“அமத்து.”

“அமத்திட்டன் அப்பா.”

“அப்பிடியே பிடிச்சுக்கொண்டிரு. விடாத.” சக்கரத்தடியில் காற்றை வெளியேற்றும் நிப்பிள் திறக்கிறது, குமிழோடு ஆயில் வருகிறது, நிப்பிள் மூடுகிறது. “ம், இப்ப விடு.”

நிப்பிளை மூடும் முன் மகன் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஆயில் டப்பா காலியானாலும் அதேதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய வண்டியில் மிதியைத் தரைவரை அழுத்த விடக் கூடாது; மாஸ்டர் சிலிண்டரின் சீல் வழக்கமாகப் போகாத கரடுமுரடான பகுதிக்குப் போய்க் கிழியும். மிதிக்குக் கீழே ஒரு கட்டையை வைப்பார்கள். ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால் சில வண்டிகளில் கணினிக் கருவி இல்லாமல் அது வெளியே வராது. அங்கே வீட்டு வேலை முடிந்தது. இழுவை வண்டியைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்புவதுதான் முறை. தன்னால் ஆகாது என்று பாதியில் சொல்வது வெட்கம் போலத் தோன்றும். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாதவர் தொடக்கத்திலேயே பிரேக்கைத் தொடாதிருப்பது மேல்.

சோதனையும் வாசலிலேயே நடக்க வேண்டும். எஞ்சினை ஓட விட்டு, வண்டி நின்றபடியே, ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால் எப்படி மிதிப்போமோ அப்படி முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்க வேண்டும். பலர் இதைத் தவிர்க்கிறார்கள், மெதுவாக மிதித்து ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள். பழைய குழாய் ஏதாவது வெடித்துவிடுமோ என்ற பயம் அதற்குக் காரணம். வெடிக்கட்டும். வெடிப்பதற்கு இதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்காவிட்டால் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி மிதித்து, மறுபடி துடைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்ட வேண்டும். சில நாள் கழித்து மறுபடி அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய வண்டிகளில் பிரேக் இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிந்திருக்கிறது. 1960-களில் பரவிய ஏற்பாடு அது. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றொரு சுற்று வண்டியை எப்படியோ நிறுத்தும். எத்தனையோ உயிரைக் காத்த ஏற்பாடு. ஆனால் அதுவே ஒரு சாக்காகவும் ஆகிவிடுகிறது. சிவப்பு விளக்கு எரிய, மிதி பாதிவரை அமிழ, ‘சம்பளம் வரட்டும் பார்க்கலாம், எப்படியோ நிற்கிறதே’ என்று இரண்டு வாரம் வேலைக்கு ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழ்மை அதற்குக் காரணமாக இருக்கும்போது கடிந்துகொள்ள வாய் வருவதில்லை. பேருந்தில்லாத ஊரில் வண்டி இல்லாமல் கூலி இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஸ்டாண்டையும் பிளேரிங் டூலையும் இரவல் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட இருந்து மிதியை அழுத்திக் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரர், சாலையில் போகும் எல்லாருக்கும் உபகாரம் செய்கிறார். நேரமும் பணமும் இருந்தும் தள்ளிப்போடுகிறவர் கதை வேறு.

வேலை முடிந்தபின் மிஞ்சுவது அழுக்கு ஆயில். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுக்க வேண்டும். கார் பெயின்ட் மேல் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் உரியும்.

கடைசியாக ஒன்று, பலரும் மறப்பது. இந்த வண்டி ஒருநாள் விற்கப்படும். சோதனைச் சான்றிதழ் கேட்காத மாநிலத்தில் வாங்குபவருக்கு விற்பவரின் வாயைத் தவிர வேறு ஆதாரமில்லை. எந்தக் குழாய் புதிது, எது கம்பெனியிலிருந்து வந்த பழையது, என்ன உலோகம், எந்த வருடம், மாட்டியது கடையா தானேயா என்பதை ஒரு தாளில் எழுதி, வண்டிப் புத்தகத்தோடு வைத்துக் கொடுக்க வேண்டும். விலையில் நூறு டாலர் குறையலாம். வாங்குபவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு வண்டியே வேண்டாம் என்று போகவும் கூடும். அப்போது அடுத்தவருக்கும் அதே தாளைத்தான் காட்ட வேண்டும்.